பதினாலாம் தேதிக்கு ஒரு மாலை

தென்காசிப் பக்கம் பன்னிரண்டு பஸ் வைத்திருந்த வேலாயுதபெருமாள் முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. டைம் கீப்பர் எழுதும் நோட்டில் ஒரு டிரிப்கூடத் தாமதம் இல்லை. அப்படியானால் டிரைவர்களுக்குக் கொடுக்கும் நேரம் அதிகம். டிரிப்புக்குக் கால்மணி நேரம் வெட்டிவிடலாம்.

டிரைவர்கள் பதறினார்கள். இப்போதே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஓட்டுகிறார்கள்.

புதிதாகச் சேர்ந்திருந்த பிசினஸ் அனலிஸ்ட் இசக்கியம்மாளை முதலாளி கூப்பிட்டார். "ஏம்மா, என் முடிவு சரிதான்னு நாளைக்குக் கூட்டத்துல நீ புள்ளிவிவரம் காட்டணும். இல்லைன்னா வேற வேலை பாத்துக்கோ."

"காட்டுறேன் முதலாளி. ஒரு மாலை வாங்கி வைங்க."

மறுநாள் எல்லார் முன்னாலும் அவள் நோட்டைப் பிரித்தாள். "போன மாசம் பதினாலாம் தேதி நாப்பது டிரிப்பும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கு. அன்னைக்கு இருந்த நிலைமையில அது லேசுப்பட்ட காரியம் இல்லை."

முதலாளி பூரித்துப்போய் மாலையை எடுத்தார். "யார் கழுத்துலம்மா போடணும்?"

"அதுதான் தெரியலை முதலாளி. அன்னைக்கு முழு அடைப்பு. பன்னிரண்டு பஸ்ஸும் ஷெட்டுலதான் நின்னுச்சு."

பஸ்ஸைப் பார்க்காமல் கால அட்டவணையைப் பார்த்தே பதினெட்டு வருஷமாக நோட்டு எழுதிவந்த டைம் கீப்பர் காந்திமதிநாதன், மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தார்.

முதலாளி கால்மணி நேர உத்தரவைக் கிழித்துப் போட்டார். மாலை மட்டும் கையில் மிச்சம். "இதை என்ன செய்ய?"

"டைம் கீப்பர் பேனாவுக்குப் போடுங்க முதலாளி. அன்னைக்கு நம்ம கம்பெனியில வேலைக்கு வந்தது அது ஒண்ணுதான்."