வால் கம்பி இல்லாத வண்டி

ஒரு காட்டில் சடைவாலி என்றொரு பெண் கீரி இருந்தது. முன்கோபத்துக்குப் பேர்போன கீரி. ஆனால் குழந்தைகளே, இந்தக் கதையில் அதற்கு வந்தது முன்கோபம் இல்லை, நியாயமான கோபம். சொல்லும்போது எனக்கே பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது, கேளுங்கள்.

காட்டின் மறுகோடியில், முயல்மேட்டில் சடைவாலிக்கு வேலை. விடிந்ததும் தாய் முயல்கள் புல் மேயக் கிளம்பிவிடும். அவை திரும்பும்வரை வளைக்குள் கிடக்கும் குட்டிகளைப் பாம்பு அண்டாமல் காவல் காக்க வேண்டும். நடந்து போனால் நேரமாகிவிடுகிறது. போன வாரம் ஒரு கருநாகம் வளை வாசல்வரை வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஒரு குட்டி போயிருக்கும்.

"ஒரு வண்டி இருந்தா நல்லாயிருக்கும்," என்றது சடைவாலி.

அதன் கணவன் செம்பன் துள்ளிக் குதித்தது. "நாளைக்கே வாங்கிடலாம்! உன்னை முயல்மேட்டுல இறக்கிவிட்டுட்டு நானும் அப்படியே வேலைக்குப் போயிடுவேன்."

"நானும் கடைக்கு வரேன்."

"வண்டியைப் பத்தி உனக்கு என்ன தெரியும்? நான் பாத்து வாங்கிட்டு வரேன்."

செம்பனுக்கு மட்டும் என்ன தெரியும்? ஆற்றங்கரையில் போகும்போது நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

ஆலமரத்தடியில் வண்டிக்கடை வைத்திருந்தது ஒரு நரி. செம்பன் மீசையை முறுக்கிக்கொண்டு வந்து நின்ற விதத்திலேயே அது ஆளை எடை போட்டுவிட்டது.

கடை வாசலில் ஒரு வண்டி நின்றது. நீளமான, தட்டையான இருக்கை. பின்னால் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி. சக்கரத்தில் வால் சிக்காமல் இருக்கப் பக்கவாட்டில் வால் கம்பி. செம்பன் அதைத் தொட்டுப் பார்க்கப் போனது.

"அட, அது ஆமை வாங்கிட்டுப் போற வண்டி அண்ணே!" நரி அதன் தோளில் கை போட்டு உள்ளே அழைத்துப் போனது. "உங்களுக்குன்னே ஒண்ணு வச்சிருக்கேன்."

சிவப்பு வண்டி. பாயப் போகும் புலி மாதிரி முன்பக்கம் குனிந்து நின்றது. பின் இருக்கை வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டு, ஒரு வெற்றிலை அகலத்துக்கு இருந்தது.

"வால் கம்பியைக் காணோமே?"

"அதை மாட்டினா வண்டியோட அழகே போயிடும் அண்ணே."

"மைலேஜ் எவ்வளவு கொடுக்கும்?"

"இந்த மாதிரி வண்டி ஓட்டுறவங்க மைலேஜா கேப்பாங்க?"

செம்பன் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டது. பின்னால் யார் உட்காரப் போகிறார்கள் என்று நரி கேட்கவில்லை. செம்பனும் சொல்லவில்லை.

மறுநாள் காலை, சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி புறப்பட்டது. சடைவாலி ஒரு காலை வைத்து ஏறும்போதே செம்பன் முறுக்கிவிட்டது.

"நான் இன்னும் உக்காரவே இல்லை!"

"கெட்டியாப் பிடிச்சுக்கோ!"

எதைப் பிடிப்பது? பிடிக்க அதில் என்ன இருந்தது? பிரேக் போட்டபோதெல்லாம் சடைவாலி சறுக்கிப் போய்ச் செம்பனின் முதுகில் மோதியது. பள்ளத்தில் இறங்கியபோதெல்லாம் ஒரு முழம் எழும்பி விழுந்தது. ஓடைக்கரையில் வால் சைலன்சரில் பட்டு மயிர் பொசுங்கியது. அடுத்த வளைவில் வால் நுனி சக்கரத்துக்குள் போய், ஒரு கொத்து மயிரைப் பறிகொடுத்துவிட்டு வெளியே வந்தது.

"நிறுத்துங்க!" என்று அலறியது சடைவாலி.

செம்பன் நிறுத்தியது. "என்னடி இது, மயிலெல்லாம் பாக்குது. கொஞ்சம் சிரிச்ச மாதிரி உக்காரேன்."

பார்த்தீர்களா குழந்தைகளே! வால் பொசுங்கி நிற்கும் பெண்டாட்டியைச் சிரிக்கச் சொல்கிறது!

சடைவாலி குதித்து இறங்கி ஓடியது. அது முயல்மேட்டை அடைந்தபோது கருநாகத்தின் பாதி உடம்பு வளைக்குள் இருந்தது. சடைவாலி பாய்ந்து அதன் வாலைக் கவ்வி வெளியே இழுத்தது. சீறித் திரும்பிய நாகத்தோடு வெகு நேரம் மல்லுக்கட்டி, கடைசியில் விரட்டிவிட்டது. குட்டிகள் பிழைத்தன. ஆனால் எல்லாவற்றிலும் சின்னக் குட்டி மாலைவரை நடுங்கிக்கொண்டே இருந்தது.

தாய் முயல் வந்து அதைப் பார்த்தது. "நீ வந்துடுவேன்னு நம்பித்தானே போனேன்?" என்று கேட்டது.

சடைவாலி அந்தக் குட்டியை நக்கிக்கொடுத்துவிட்டு, வண்டி வரும் பாதையில் போய் நின்றது.

செம்பன் ஹாரன் அடித்துக்கொண்டே அழைத்துப்போக வந்தது.

"இறங்குங்க," என்றது சடைவாலி. "நான் ஓட்டுறேன். நீங்க பின்னாடி உக்காருங்க."

"உனக்கு ஓட்டத் தெரியுமா?"

"காலையில உங்க முதுகுல மோதி மோதிக் கத்துக்கிட்டேன்."

செம்பன் ஒரு காலை வைத்ததும் வண்டி பறந்தது. அதே பாதை. காலையில் விழுந்த ஒரு பள்ளத்தையும் சடைவாலி விடவில்லை. முதல் பள்ளத்தில், "மெதுவா!" என்றது செம்பன். அடுத்ததில், "ஐயோ, இடுப்பு!" என்றது. ஓடைக்கரையில் அதன் வாலும் பொசுங்கியது.

"சடை, நிறுத்து! நான் நடந்தே வரேன்!"

"மயில் பாக்குது. கொஞ்சம் சிரிச்ச மாதிரி உக்காருங்க."

வண்டி நரியின் கடையில் போய்த்தான் நின்றது. உள்ளே ஒரு கரடி, தன் மனைவியோடு, இதே மாதிரி சிவப்பு வண்டி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"வித்த வண்டியைத் திரும்ப எடுக்கிற வழக்கமில்லை அண்ணி," என்று முந்திக்கொண்டது நரி.

"எடுக்க வேண்டாம். பின்னாடி ஏறி உக்காருங்க. முயல்மேடு வரைக்கும் ஒரு சுத்து போயிட்டு வரலாம். அதுக்கப்புறம் நான் வாயே திறக்கலை."

நரி பின் இருக்கையைப் பார்த்தது. மூடாத சக்கரத்தைப் பார்த்தது. பிறகு தன்னுடைய அடர்ந்த வாலை மெல்ல இழுத்து மடியில் வைத்துக்கொண்டது.

"கடையில வேலை கிடக்கு அண்ணி..."

"விக்கிறவரே உக்கார மாட்டாரா?" என்று கேட்டது பெண் கரடி. கணவனின் கையைப் பிடித்து இழுத்தது. "வாங்க, நாம போகலாம்."

நரியின் முகம் செத்துப்போனது. "அண்ணி, சத்தம் போடாதீங்க. இதை விட்டுட்டு வாசல்ல நிக்கிற வண்டியை எடுத்துக்கிட்டுப் போங்க!"

இப்போது செம்பனுக்கு வீரம் வந்துவிட்டது. "பாத்தியா சடை, இந்த நரி என்னை எப்படி ஏமாத்தியிருக்குன்னு!"

சடைவாலி திரும்பியது. பொசுங்கியது போக மிச்சமிருந்த மயிரெல்லாம் சிலிர்த்து நின்றது.

"நரி ஏமாத்துனது இருக்கட்டும். நானும் வரேன்னு சொன்னப்போ வேண்டாம்னது நரியா?"

செம்பன் தலையைக் குனிந்தபடி வாசலில் நின்ற வண்டியை எடுக்கப் போனது.

மறுநாள் காலை சடைவாலி நீள இருக்கையில் ஏறியது. வாலை வால் கம்பிக்கு இந்தப் பக்கம் சுருட்டி வைத்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டது. செம்பன் முறுக்கவில்லை.

"உக்காந்தாச்சா?" என்று கேட்டது.

சடைவாலி உட்கார்ந்து நேரமாகியிருந்தது. ஆனாலும் உடனே பதில் சொல்லவில்லை. முயல்மேட்டுக்குப் போக இன்னும் நேரம் இருந்தது. செம்பன் இன்னொரு தரம் கேட்கட்டும் என்று காத்திருந்தது.

நீதி: இருவர் ஏறும் வண்டியை ஒருவர் மட்டும் பார்த்து வாங்கினால், ஒருவரும் நல்லபடியாகப் போய்ச் சேர மாட்டார்.