ஏழு பொந்தும் எதிர்பார்த்த பத்தும்

பல மழைக்காலங்களுக்கு முன்பு, இலுப்பைத் தோப்பில் விடியும்போதே அந்தச் சத்தம் தொடங்கிவிடும். டொக், டொக். சிறிது மௌனம். மீண்டும் டொக். மரங்கொத்தி பொந்து குடைகிற சத்தம்.

குடைவது அணில்களுக்காக. கோடையில் எறும்பு ஊரும் மரத்தைக் காட்டிய அணிலுக்கு மரங்கொத்தி தன் பொன்னிற இறகு ஒன்றைத் தரும். இறகு யாரிடம் இருக்கிறதோ, அவருக்கு மழைக்காலத்தில் பொந்தில் ஒரு மூலை உண்டு.

சிமிட்டி என்ற அணிலிடம் ஓர் இறகு இருந்தது. வயிற்றில் குட்டிகளும் இருந்தன.

நாளடைவில் அணில்கள் இறகுகளைக் கைமாற்றத் தொடங்கின. நடுவில் நின்று பேசி முடிப்பது மைனா. ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் அதற்கு ஓர் அத்திப்பழம்.

புரட்டாசிப் பௌர்ணமியன்று மரங்கொத்தி பொந்துக் கணக்கைச் சொல்லும். அதற்கு முன்பே தோப்பில் பேச்சு சூடுபிடித்தது.

"போன வருடம் ஐந்து. இந்த வருடம் பத்துக்குக் குறையாது!" என்றது மைனா. எல்லோரும் பத்து என்றே நம்பினார்கள். மரங்கொத்தியை யாரும் கேட்கவில்லை.

பௌர்ணமி வந்தது. "ஏழு முடித்திருக்கிறேன்," என்றது மரங்கொத்தி.

"ஏழுதானா!"

"போன வருடத்தைவிட இரண்டு கூடுதல் ஆயிற்றே!"

"பத்து என்றல்லவா இருந்தோம்!"

"நான் எப்போது பத்து என்றேன்?"

அதைக் கேட்க யாருக்கும் பொறுமையில்லை. அப்போது ஓடைக்கு அப்பாலிருந்து ஒரு சத்தம் வந்தது. டங், டங், டங், டங்! இடைவெளியே இல்லை.

"குக்குறுவான்! புது ஆள்!" என்று குதித்தது மைனா. "மூச்சு விடாமல் குடைகிறான், கேளுங்கள்! அவன் இறகுகள் என்னிடம் இருக்கின்றன!"

அணில்கள் மைனாவிடம் பொன்னிற இறகைக் கொடுத்து, அந்தப் பச்சைப் பறவையின் இறகை வாங்கின.

"அங்கே பொந்தை யாராவது பார்த்தீர்களா?" என்று சிமிட்டி கேட்டது.

"சத்தம் கேட்கவில்லையா, அக்கா? காதை எங்கே கழற்றி வைத்தாய்?" என்று பக்கத்துக் கிளை அணில் சிரித்தது.

ஓடையைத் தாண்டிப் போய்ப் பார்க்கச் சிமிட்டிக்கு உடம்பு இடம் தரவில்லை. மற்றவர்கள் மாற்றியதைப் பார்த்துத் தானும் மாற்றிக்கொண்டது.

மூன்று குட்டிகள் பிறந்த மறுநாளே மழை பிடித்தது. சிமிட்டி நனைந்தபடி ஓடையைத் தாண்டியது. காய்ந்த முருங்கைக் கிளையில் ஒரே ஒரு சின்னப் பொந்து. அதிலிருந்து குக்குறுவான் எட்டிப் பார்த்தது.

"மற்றப் பொந்துகள் எங்கே?"

"மற்றது எதற்கு? எனக்கு இது போதுமே!"

"நாளெல்லாம் தட்டினாயே!"

"தட்டினேனா? அது என் தொண்டை அம்மா! நான் பாடிக்கொண்டிருந்தேன்."

"அப்படியானால் இந்த இறகு?"

"உதிர்ந்தது. யார் பொறுக்கினார்களோ!"

சிமிட்டி திரும்பி ஓடியது. மரங்கொத்தியின் பொந்தில் அதற்கென இருந்த மூலையில் மைனா உட்கார்ந்திருந்தது. "பொன்னிற இறகு என்னிடமல்லவா இருக்கிறது!" என்றது. தன் வாக்கை மாற்ற மரங்கொத்தியால் முடியவில்லை. கொட்டும் மழையில் எட்டாவது பொந்தைக் குடையத் தொடங்கியது.

கண்ணெதிரே முடிந்திருக்கும் வேலையை, நாமே வளர்த்துக்கொண்ட ஆசையால் அளந்து கைவிட்டால், இழப்பு நமக்குத்தான்.

எட்டாவது பொந்து முடிய நான்கு நாள் ஆயிற்று. சிமிட்டி மிஞ்சிய ஒரு குட்டியோடு அதில் குடியேறியது.