யோசனையை அடைகாத்த இருவாச்சி

அன்று அத்திமரத்தில் கூடியிருந்தவர்கள் இவர்கள்: இருவாச்சிப் பறவை பொன்னலகி. அவள் கணவன் வளைமூக்கன். மேல்கிளையில் மலையணில் நெடுவாலி. மரத்தடியில் பெண் மிளாமான் மருதி. பக்கத்துப் புதரில் தவிட்டுக்குருவிகள் ஏழு பேர். ஆக மொத்தம் பதினொருவர். ஓர் ஆமையும் வந்தது. ஆனால் அது வந்து சேர்ந்தபோது பேச்சு முடிந்திருந்தது. ஆகவே அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

மார்கழி மாதம். அத்தி நன்றாகப் பழுத்திருந்தது. பொன்னலகி ஒரு பழத்தை மேலே தூக்கிப் போட்டாள். அலகால் பிடித்து விழுங்கினாள். பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்:

"எல்லாரும் கேளுங்க! இந்த வருஷத்திலிருந்து நான் முட்டை இடப்போறதில்லை!"

வளைமூக்கனின் வாயிலிருந்த பழம் கீழே விழுந்தது.

"அப்போ நான் யாருக்குப் பழம் கொண்டுவருவேன்?" என்றான்.

"நீங்களே தின்னுங்க!"

இருவாச்சிகளின் வழக்கம் தெரிந்தவர்களுக்குத்தான் அவன் கவலை புரியும். ஒவ்வொரு தை மாதமும் பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் போய் உட்காரும். வாசலை மண்ணாலும் எச்சத்தாலும் தானே பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீற்று மட்டும் விட்டுவைக்கும். ஆண் பறவை அந்தக் கீற்றின் வழியே பழம் ஊட்டும். உள்ளே இருப்பவளுக்குச் சிறகும் வாலும் உதிர்ந்து, பிறகு புதிதாக முளைக்கும். குஞ்சு வளர்ந்த பிறகு சித்திரையில்தான் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வருவாள்.

பொன்னலகி இப்படிப் பதினாறு முறை உட்கார்ந்து எழுந்தவள். பதினாறு குஞ்சுகளும் பறந்துபோய் ஆளுக்கொரு மலையில் குடும்பம் நடத்துகின்றன. அதில் அவளுக்குக் குறை இல்லை. ஆனால் ஒரே ஓர் ஏக்கம் இருந்தது.

ஓடைக்கு அந்தப் பக்கம் ஒற்றை இலவமரம் ஒன்று நின்றது. அதன் இலையைப் பொன்னலகி பார்த்திருக்கிறாள். அதன் பஞ்சு காற்றில் பறப்பதையும் பார்த்திருக்கிறாள். பூவை மட்டும் பார்த்ததே இல்லை. இலவம் பூப்பது மாசியில். இந்தக் காட்டுக்கு வந்ததிலிருந்து மாசியில் அவள் எப்போதும் பொந்துக்குள். கீற்று வழியே தெரிவதோ ஒரு பலாமரத்தின் முதுகு. அதிலும் பாதிதான்.

"பூத்தா மரமே தீப்பிடிச்ச மாதிரி இருக்குமாமே! இந்த மாசியிலே அதைப் பார்த்தே தீரணும்!" என்றாள் பொன்னலகி.

"பூத்ததும் நான் வந்து கூப்பிடறேன். வா, பார். அவ்வளவுதான்" என்றாள் மருதி.

"அவ்வளவுதானா? இத்தனை வருஷ உழைப்புக்கு அப்புறம் கிடைக்கிற ஓய்வு அக்கா! அதை முறையா நடத்த வேண்டாமா? திட்டம் வேண்டாமா?"

மருதி கீழே விழுந்திருந்த பழம் ஒன்றை மென்றாள். அவளுடைய பெண்கள் எல்லாரும் வேறு மந்தைகளுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் போன மறுநாளே அவள் குளத்தில் இறங்கி நீந்த ஆரம்பித்துவிட்டாள். யாரிடமும் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.

பொன்னலகி திட்டங்களை அடுக்கினாள்.

"ஒண்ணாவது, தினமும் காலையிலே சிறகுப் பயிற்சி!"

"இடுப்பு பிடிச்சுக்கும்!" என்று கத்தினார்கள் தவிட்டுக்குருவிகள்.

"ரெண்டாவது, பாட்டு கத்துக்கப் போறேன்!"

"ஐயோ! யாரோ மரம் வெட்டறாங்கன்னு காடே ஓடிப்போகும்!"

"மூணாவது, மீன்கொத்திகிட்ட மீன் பிடிக்க..."

"மீனுக்கெல்லாம் இப்பவே சொல்லி வைக்கணும்! சிரிச்சே செத்துப்போகும்!"

ஏழு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். பொன்னலகிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன் குரல் எப்படிப்பட்டது என்பது அவளுக்கே தெரியும். ஆனாலும் இந்தக் கூச்சலில் நான்காவது திட்டம் மறந்துபோனது.

"இங்கே ஒரு யோசனையும் ஓடாது. கொஞ்சம் அமைதியான இடத்திலே உட்கார்ந்து எல்லாத்தையும் ஒழுங்குபடுத்திட்டு வரேன்" என்றாள்.

காட்டில் அவளுக்குத் தெரிந்த அமைதியான இடம் ஒன்றுதான். அந்தப் பொந்து.

பொந்துக்குள் உட்கார்ந்ததும் மனம் அடங்கியது. எந்தப் பக்கம் முதுகு சாய வேண்டும், எந்தப் பக்கம் அலகை வைக்க வேண்டும் என்பதெல்லாம் உடம்புக்கே தெரிந்திருந்தது. ஆனால் மார்கழிக் காற்று வாசல் வழியே வந்து கழுத்தில் அடித்தது. 'இந்த ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மண் வைத்தால் போதும்' என்று நினைத்தாள். வைத்தாள். ஓர் ஓரம் பூசினால் மறு ஓரம் கோணலாகத் தெரிந்தது. பொன்னலகிக்குக் கோணல் ஆகாது. அதையும் பூசினாள். ஐந்தாவது திட்டத்துக்கும் ஆறாவது திட்டத்துக்கும் நடுவில் எங்கேயோ வாசல் காணாமல் போனது. மிஞ்சியது ஒரு கீற்று.

அடுத்த நாள் அந்தக் கீற்றில் ஓர் அத்திப்பழம் நீண்டது.

"என்னங்க, நான் முட்டை இடலை. சும்மாதான் உட்கார்ந்திருக்கேன்" என்றாள்.

"எனக்கும் தெரியும். நானும் சும்மாதான் கொண்டுவந்தேன்" என்றான் வளைமூக்கன்.

பழம் இனிப்பாக இருந்தது. மறுநாளும் ஒன்று வந்தது.

தை பிறந்தது. நெடுவாலி கிளை கிளையாகத் தாவி வந்து கீற்றில் மூக்கை நுழைத்தாள்.

"அக்கா! உள்ளே என்ன பண்றீங்க? முட்டையா?"

"முட்டை இல்லைடி. யோசனை."

"யோசனையை அடைகாக்கறீங்களா? எப்போ பொரியும்?"

"பன்னிரண்டு திட்டம் ஆச்சு. இன்னும் கொஞ்சம் மெருகு ஏத்தணும். நீயும்தான் கூடு கட்டறதை விட்டுட்டே. உன் திட்டம் என்ன?"

"என்கிட்ட திட்டம் எல்லாம் இல்லை அக்கா. இதுவரைக்கும் ஏதாவது தேடித்தான் ஓடுவேன். இப்போ சும்மா ஓடறேன். நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் ஓடியே போனாள்.

'பாவம், திட்டமில்லாத ஜன்மம்' என்று பொன்னலகி நினைத்துக்கொண்டாள்.

மாசி வந்தது. ஒரு காலை மருதி மரத்தடியில் நின்று குரல் கொடுத்தாள்.

"பொன்னு! இலவம் பூத்தாச்சு! கிளம்பு!"

பொன்னலகியின் நெஞ்சு துள்ளியது. ஆனால் அவள் அப்போது பதினேழாவது திட்டத்தில் இருந்தாள். பாதியில் எதையும் விட்டு அவளுக்குப் பழக்கம் இல்லை.

"நல்லது அக்கா! இன்னும் ஒண்ணே ஒண்ணு பாக்கி! இலவம்பூ பார்க்கிறதும் பட்டியல்லே இருக்கு. பதினெட்டாவதா வெச்சிருக்கேன்! வரிசைப்படி வரேன்!"

"பூ உன் வரிசையைக் கேட்டுக்கிட்டா பூக்குது?"

"நாலு நாள் பொறு அக்கா!"

மருதி தலையை ஆட்டிவிட்டுப் போனாள். நாலு நாள் என்பது நீண்டுகொண்டே போனது. பதினேழாவது திட்டம் பகல் தூக்கத்தைப் பற்றியது. அதைச் செய்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

அப்புறம் ஒரு நாள் மருதி மறுபடியும் வந்தாள். இந்த முறை அவள் கூப்பிடவில்லை. வாயில் எதையோ மென்றுகொண்டே நின்றாள். கீற்று வழியே பொன்னலகி பார்த்தாள். மருதியின் மூக்கில் சிவப்பாக ஓர் இதழ் ஒட்டியிருந்தது.

"என்ன அக்கா அது?"

"இலவம்பூதான். மரத்திலிருந்து கொட்டுது. எனக்குக் கொண்டாட்டம். உனக்குத்தான் காலியாகிட்டு வருது."

பொன்னலகி பதறிப்போய்ச் சிறகை விரித்தாள். சிறகு விரியவில்லை. விரிய அங்கே இறகு இல்லை! கீழே பார்த்தாள். மெத்தை போலப் பரவிக் கிடந்தது அத்தனையும். வாசலைப் பூசியவள் உள்ளே உட்கார்ந்தால் உடம்பு தன் வேலையைச் செய்துவிடும். முட்டை இருக்கிறதா, யோசனை இருக்கிறதா என்று அது விசாரிப்பதில்லை. வாலில் ஒரே ஓர் இறகு மட்டும் மிச்சம் இருந்தது. அதுவும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

வளைமூக்கன் பழத்தோடு வந்தான். விஷயத்தைக் கேட்டான்.

"அதனாலே என்ன? உள்ளேயே இரு. சித்திரையிலே இறகு முளைச்சிடும். அடுத்த மாசியிலே பார்த்துக்கலாம்" என்றான். அன்பாகத்தான் சொன்னான். பழமும் நன்றாகப் பழுத்த பழம்.

பொன்னலகி அதை வாங்க அலகை நீட்டினாள். பாதியில் நிறுத்தினாள். அடுத்த மாசி! பதினாறு வருஷமும் அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்ட அதே வார்த்தை. அப்போதாவது உள்ளே ஒரு குஞ்சு இருந்தது. பசிக்கிறது என்று கத்தியது. இப்போது அவளை உள்ளே பிடித்து வைத்திருப்பது யார்? சுற்றிலும் பார்த்தாள். கொத்தனாரும் அவள்தான். கைதியும் அவள்தான். காவலாளியும் அவளே!

அவளுக்கு முதலில் அழுகை வந்தது. பிறகு, மரம் வெட்டுவது போன்ற அந்தக் குரலில், பொந்து அதிரச் சிரித்தாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க! சுவரை உடைக்கப்போறேன்!"

சுவர் லேசில் உடையவில்லை. காய்ந்து கல்லாக இருந்தது. கொத்தினாள், கொத்தினாள், கழுத்து வலித்தது. "இவ்வளவு கச்சிதமா பூசச் சொல்லி யார் அழுதாங்க! அரைகுறையா வேலை செய்யற புத்தி எனக்கு ஏன் இல்லாமப் போச்சு!" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கடைசியில் சுவர் பெயர்ந்தது. பொன்னலகி வெளியே வந்தாள். கிளையிலிருந்து கிளைக்கு நழுவி, சறுக்கி, தொப்பென்று தரையில் விழுந்தாள். வாலில் இருந்த அந்த ஓர் இறகும் போனது.

தவிட்டுக்குருவிகள் ஓடிவந்தார்கள்.

"யாரடி இது? அலகு இருக்கு, பறவையைக் காணோம்!"

"பதினெட்டுத் திட்டமும் போட்டாச்சு! இறகை மட்டும் எழுத மறந்துட்டாங்க!"

"அதைப் பத்தொன்பதாவதா சேர்த்துக்கறேன்!" என்றாள் பொன்னலகி. தத்தித் தத்தி ஓடைப் பக்கம் நடக்க ஆரம்பித்தாள்.

வளைமூக்கனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. தாழ்ந்த கிளைக்கு வந்து ரகசியமாகச் சொன்னான்:

"பொன்னு, இருவாச்சி தரையிலே நடக்கலாமா? நாலு பேர் பார்த்தா என்ன சொல்வாங்க?"

"ஏழு பேர் ஏற்கெனவே சொல்லிக்கிட்டுதான் இருக்காங்க. நீங்க மேலே பறந்து, கழுகு ஏதாவது வருதான்னு பாருங்க. கூடவே வாங்க."

வளைமூக்கனுக்கு ஒரு வேலை கிடைத்தது. உடனே முகம் தெளிந்து பறந்தான்.

ஓடையில் தண்ணீர் ஓடியது. பொன்னலகி கரையில் தயங்கி நின்றாள். மருதி கால்களை மடக்கிக் குனிந்தாள்.

"ஏறிக்கோ. தினமும் நீந்தறேனே, உன் ஒருத்தியைச் சுமக்க மாட்டேனா?"

"அலகு காதிலே இடிக்குமே அக்கா!"

"இடிச்சா இடிக்கட்டும். இன்னொரு காது இருக்கு."

முதுகில் இறகில்லாத இருவாச்சி, முன்னால் கிளைகளில் நெடுவாலி, மேலே வளைமூக்கன், பின்னால் வேடிக்கை பார்க்கத் தவிட்டுக்குருவிகள் ஏழு பேர். அப்படித்தான் அந்த ஊர்வலம் ஓடையைக் கடந்தது.

இலவமரத்தடி முழுவதும் சிவந்து கிடந்தது. மருதி உடனே தலையைக் குனிந்து தின்ன ஆரம்பித்தாள்.

"அக்கா! நான் பார்க்கணும்னுதானே வந்தேன்!"

"கீழே இருக்கறது எனக்கு. மேலே இருக்கறது உனக்கு. அண்ணாந்து பாரடி!"

பொன்னலகி அண்ணாந்தாள்.

மரத்தில் ஓர் இலை இல்லை. வெறும் கிளைகள். அவற்றின் நுனிகளில் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூக்கள். உள்ளங்கை போல விரிந்து, தடித்த இதழ்களோடு, பின்னால் நீல வானம் தெரிய. மரம் தீப்பிடித்தது போலெல்லாம் இல்லை. அணைந்த அடுப்பில் மிச்சம் இருக்கிற கங்குகள் போல இருந்தது. பொன்னலகி வாயைத் திறந்தபடி நின்றாள்.

பிறகு அவள், அவள் வழக்கப்படி, எண்ண ஆரம்பித்தாள்.

"முப்பத்தெட்டு!" என்றாள்.

தொப்! ஒரு பூ நேராக அவள் தலைமேல் விழுந்தது.

"முப்பத்தேழு!" என்று திருத்திக்கொண்டு சிரித்தாள்.

"அக்கா, மத்த பதினேழு திட்டம் என்ன ஆச்சு?" என்று நெடுவாலி கேட்டாள்.

"அதெல்லாம் பொந்துக்குள்ளே இறகோடு இறகாக் கிடக்கு. வேணும்னா போய் எடுத்துக்கோ. நான் இங்கேயேதான் இருக்கப்போறேன். கடைசிப் பூ விழற வரைக்கும்!"

கடமை முடிந்த பிறகு கிடைக்கும் காலத்துக்குத் திட்டம் போடலாம், ஆனால் அதற்காக வாசலைப் பூசிக்கொண்டு உள்ளே உட்காரக் கூடாது. அப்படி உட்கார்ந்த பொன்னலகிக்கு ஒரு மரத்துப் பூவில் மிச்சம் கிடைத்தது முப்பத்தேழு.