மரத்துக்கு ஜாமீன்

"இதுக்கு மேல என்ன உரம் போடுறது தாயி? மாமரம் காய்க்க மாட்டேங்குது."

மலையடி மண்டபத்தில் இருந்த சாமியம்மா நிமிர்ந்து பார்த்தாள். கேட்ட மாயழகை விட வயதில் இளையவள். ஆனாலும் ஊர்ப் பெரிய தலைகளே அவள் எதிரில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் நிற்கும்.

உண்மையில் மாயழகு வந்தது மரத்துக்காக அல்ல.

முந்தின நாள் மகன் தவசி குடித்துவிட்டு, பெற்ற தாயின் கையை முறித்திருந்தான். அக்கம்பக்கத்தார் பிடித்துப் போலீசில் கொடுத்துவிட்டார்கள். பொழுது சாய்வதற்குள் அப்பன் போய்க் கையெழுத்துப் போட்டால் விட்டுவிடுவார்கள். முன்பும் போட்டிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் கூட்டி வந்து, கறியும் சோறும் ஆக்கிப் போட்டு, கேட்டதை வாங்கிக் கொடுத்து, தடவிக் கொடுத்தவர் அவர்தான்.

அதைச் சொல்ல வெட்கம். வாய் மரத்தைக் கேட்டது.

"இதுவரைக்கும் என்ன போட்ட?"

"என்ன போடலைன்னு கேளுங்க. ஆட்டுப்புழுக்கை, வேப்பம்புண்ணாக்கு, யூரியா. வாடினா யூரியா, வாடாட்டியும் யூரியா."

"காய்ச்சதா?"

"மொதல்ல ஒவ்வொண்ணும் தேங்காய் தண்டி காய்ச்சது தாயி. ஊரே கண்ணு வச்சுச்சு."

"ருசி?"

மாயழகு தலையைச் சொறிந்தார்.

"சப்புன்னு இருந்துச்சு. அறுத்தா கொட்டையைச் சுத்திக் கறுப்பு. அணில்கூடத் தொடல. பெறகு அதுவும் நின்னு போச்சு. இப்ப வெறும் எலை."

"அப்ப என்ன செஞ்ச?"

"இன்னும் ரெண்டு கூடை போட்டேன்."

சாமியம்மா எழுந்தாள். "வீட்டுல கோடாலி இருக்கா?"

மாயழகுக்கு வழக்கம் தெரியும். காய்க்காத மரத்தை ஒருத்தர் வெட்டப் போவார். இன்னொருத்தர் குறுக்கே பாய்ந்து, அடுத்த வருசம் காய்க்கும், நான் ஜாமீன் என்று தடுப்பார். மரம் பயந்துகொண்டு காய்க்கும் என்பார்கள். யாரும் நிஜமாக வெட்டுவதில்லை. கோடாலியின் முதுகால் ஒரு தட்டு, அவ்வளவுதான்.

இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். மரம் கொல்லையில் கருகருவென்று தழைத்து நின்றது. அடியில் முழங்கால் உயரத்துக்கு எரு.

சாமியம்மா கோடாலியை ஓங்கினாள். "காய்க்காத மரம் எதுக்கு? வெட்டுறேன்."

"வேணாம் தாயி. அடுத்த வருசம் காய்க்கும். நான் ஜாமீன்."

"என்ன செஞ்சு காய்க்க வைப்ப?"

"புண்ணாக்கு கூடப் போடுறேன்."

கோடாலி இறங்கியது. முதுகால் தட்டவில்லை, நிஜமான வெட்டு. எருவுக்கு வெளியே ஓடிய பக்கவேர் ஒன்று துண்டானது.

"என்ன செய்வ?"

"மீன் கழிவு போட்டா நல்லதுங்கிறாங்க..."

இன்னொரு வேர் போனது.

"தாயி, செத்துரும்!"

"நீ போடுறதுலயும்தான் சாகுது. சொல்லு, என்ன செய்வ?"

கோடாலி மறுபடி மேலே போனது.

"ஒண்ணும்... ஒண்ணும் போட மாட்டேன்."

"வாடுனா?"

"வாடட்டும்."

சொன்னவர் அழுதுவிட்டார். ஒரு மாமரத்துக்காக ஆம்பளை இப்படி ஏங்கி ஏங்கி அழுவானா?

சாமியம்மா கோடாலியைக் கீழே போட்டாள். வந்த வழியே போனாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கொல்லைக் கதவு திறந்தது. மனைவி ஒச்சம்மாள் வந்தாள். வலது கையில் மாவுக்கட்டு. இடது கையில் தூக்குவாளி.

"இன்னும் கெளம்பலையா? பொழுது எறங்குது. புள்ள நேத்துலருந்து பட்டினி. ஒத்தக் கையாலயே சோறும் கறிக்கொழம்பும் ஆக்கி வச்சிருக்கேன். கையெழுத்தப் போட்டுச் சீக்கிரம் கூட்டிட்டு வாங்க."

"நீ சாப்பிட்டியா?"

"எனக்கென்ன. அவன் வரட்டும்."

மாயழகு தூக்குவாளியை வாங்கினார். வெட்டுப்பட்ட வேருக்குப் பக்கத்திலேயே அவளை உட்கார வைத்தார். மூடியைத் திறந்து சோற்றைப் பிசைந்தார்.

"என்ன செய்றீங்க? அது அவனுக்கு!"

"வாயைத் தொற, ஒச்சம்மா" என்றார்.