மாமரம் செய்த ராஜத்துரோகம்

கொன்றையூர் மன்னர் விசையரங்கருக்கு ஒரு சண்டையில் சரியான அடி. எதிரியின் கொடி சிவப்பு. எதிரியை ஒன்றும் செய்ய முடியாத மன்னர் சிவப்பைப் பிடித்துக்கொண்டார். "என் கோட்டைக்குள் சிவப்பைக் கொண்டுவருபவர் யாராக இருந்தாலும், பொழுது சாய்வதற்குள் எல்லை தாண்ட வேண்டும்" என்று முரசு அறையச் சொன்னார்.

செம்பருத்தியை வேரோடு பிடுங்கினார்கள். மிளகாயைப் பழுக்க விடாமல் பச்சையாகவே தின்று ஊரே கண் கலங்கியது. சேவல்களின் கொண்டையில் பச்சைத் துணி கட்டினார்கள். அவை வெட்கப்பட்டுக் கூவுவதையே நிறுத்திவிட்டன. விடிந்தது தெரியாமல் ஜனங்கள் தூங்கினார்கள்.

அந்த நேரம் பார்த்து அரண்மனை மாமரம் தளிர் விட்டது. மரம் முழுக்கச் செக்கச்செவேல்.

தோட்டக்காரன் பொன்னுரங்கத்தைக் கட்டி இழுத்து வந்தார்கள். மந்திரி கரும்பாயிரத்துக்கு மனசு கேட்கவில்லை. வருஷாவருஷம் அந்த மரத்தின் முதல் பழத்தை அவருக்குத்தான் கொடுப்பான்.

"சாமி, நான் ஊத்துனது வெறும் தண்ணி. நான் போயிட்டா எம் புள்ளைங்களுக்கு யாரு இருக்கா?" என்று அழுதான்.

"மண் கறுப்பு. தண்ணீருக்கு நிறமில்லை. நீ சாயம் ஏற்றாமல் சிவப்பு எங்கிருந்து வந்தது?" என்றார் மன்னர்.

கரும்பாயிரம் வெற்றிலைத் தட்டை நீட்டினார். "தீர்ப்புக்கு முன்னால் தாம்பூலம் போடுங்கள், மகாராஜா. சிவப்பு இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். வெற்றிலை?"

"பச்சை."

"சுண்ணாம்பு?"

"வெள்ளை."

"பாக்கு?"

"பழுப்பு. அதற்கென்ன?"

"ஒன்றுமில்லை, மெல்லுங்கள்."

மன்னர் நன்றாக மென்றார். கரும்பாயிரம் கண்ணாடியை எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தார். "இப்போது நாக்கை நீட்டுங்கள்."

நீட்டினார். அதுவும் செக்கச்செவேல். அதுவரை எல்லோரும் பார்த்தும் பாராதது போல் இருந்த நாக்கு அது.

மன்னர் வாயைப் பொத்திக்கொண்டார். "இதை நான் கொண்டுவரவில்லையே. உள்ளே போய் அதுவாகச் சிவந்தது."

"மாந்தளிரும் அப்படித்தான், மகாராஜா. இலைக்குள்ளேயே சாயம் ஊறுகிறது. இளசில் சிவப்பு ஊறும். முற்ற முற்றப் பச்சை ஊறி அதை மூடிவிடும். ஆனாலும் ஆணை ஆணைதான். வாசலில் வண்டி நிற்கிறது, இருவரும் ஏறுங்கள்."

"இருவருமா?"

"யாராக இருந்தாலும் என்றுதானே முரசு அறைந்தோம்? பொன்னுரங்கம் இரண்டு வாரத்தில் திரும்பிவிடுவான், அதற்குள் தளிர் பச்சையாகிவிடும். நாற்பது வருஷமாக வெற்றிலை போடும் தங்கள் நாக்குக்குத்தான் என்னால் நாள் சொல்ல முடியவில்லை."

மன்னர் வாயிலிருந்து கையை எடுத்துவிட்டு, சிவந்த பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். பொன்னுரங்கத்தின் கட்டு அவிழ்ந்தது. கரும்பாயிரத்துக்கு ஒரு பட்டுச் சால்வை கிடைத்தது. அது என்ன நிறம் என்று சொல்லவும் வேண்டுமா?

மறுநாள் சேவல் கூவித்தான் மன்னரே கண் விழித்தார்.