பழைய பை, புது வித்தை

எங்கள் அடுக்குமாடிச் செயலாளர் ஏகாம்பரம் வந்தால் லிஃப்டுகூட எழுந்து நிற்க வேண்டும். ஆண்டுவிழா மேடையில் மேஜிக் செய்ய வந்த செண்பகவல்லியைக் குழந்தைகள் முன்னாலேயே மடக்கினார்.

"போன வருஷமும் இதே சிவப்புப் பைதானே? உள்ளே ரகசிய அறை இருக்கு. புதுசா ஏதாவது பண்ணும்மா, இல்லேன்னா நடையைக் கட்டு!"

"பை பழசுதான் சார். இந்தத் தடவை வித்தைக்காரர் நீங்க. அந்த அறையில கையை விடுங்க."

துழாவினார். ஜம்பமாக வெளியே எடுத்தார். ஒரு பச்சைப் பந்து!

"ஐயோ, இது என் பீரோவுல பூட்டி வெச்சதாச்சே!"

"எங்க பந்து! பார்க்கவே இல்லைன்னு சத்தியம் பண்ணீங்களே, அங்கிள்!" என்று குழந்தைகள் கத்தினார்கள்.

பின்வரிசையில் அவர் மனைவி பீரோ சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, முதல் ஆளாகக் கைதட்டினார்.