தியானத்தில் வந்த மாமனார்

எல்லா ஊரிலும் முட்டாள்கள் உண்டு. ஆனால் தெருவுக்கு ஒருவராகச் சிதறிக் கிடப்பார்கள். எங்கள் ஒத்தப்பனைவிளையில் நாலு பேரும் சேர்ந்தே போவார்கள், சேர்ந்தே வருவார்கள். அதனால் தேடி அலைகிற சிரமம் நமக்கு இல்லை.

குருபாதம்தான் மூத்தவன். அடுத்து மாசிலாமணி. மூன்றாவது யோபு, ரொம்ப யோசிக்கிற ஆள், அதனால்தான் அவனைக் கண்டால் எல்லோருக்கும் பயம். கடைசியில் தங்கையா. அவன் மற்ற மூன்று பேரும் சொல்வதை ஒத்துக்கொள்வான், மூன்றும் வேறு வேறாக இருந்தாலும்.

எங்கள் கிறிஸ்தவக் கோயில் திருநாளில் அசனம் நடக்கும். சபை முழுக்க வரிசையாக உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிடுவதற்குத்தான் அந்தப் பேர். அதில் குழம்பு வாளி தூக்குகிறவனுக்கு இருக்கிற மரியாதையே தனி. ஊரே அண்ணாந்து அவன் முகத்தைப் பார்க்கும். குருபாதத்துக்குக் கலியாணம் ஆன நாளிலிருந்து ஒரே ஆசைதான்: ஒரு தடவையாவது அந்த வாளியைத் தூக்க வேண்டும்.

ஆசைக்குக் காரணம் அவன் மாமனார் சுவாமியடியான். கீழப்புதூரிலிருந்து வருஷம் தவறாமல் அசனத்துக்கு வருவார். வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்ததும், பக்கத்து இலைக்காரருக்குக் கேட்கிற மாதிரி, "என்ன மருமவனே, இந்த வருஷமும் வாளி உமக்கு இல்லையா? சும்மா திங்க வந்தவங்கள்ல நீரும் ஒரு ஆளு, நானும் ஒரு ஆளு" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். குருபாதத்தின் மனைவி பரிபூரணம் மட்டும் இலையைப் பார்த்துக் குனிந்துகொள்வாள். அந்தக் குனிவுதான் குருபாதத்துக்குச் சோறு இறங்கவிடாது.

வாளி கிடைக்காததற்கும் காரணம் உண்டு. ஒரு வருஷம் அசனப் பொறுப்பாளர் வேதமாணிக்கம் இவர்களிடம், "காக்கா தொடாம கறியைப் பாத்துக்கிடுங்கடே" என்று சொல்லிவிட்டுப் போனார். நாலு பேரும் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டார்கள். காக்கா ஒன்றுகூடத் தொடவில்லை. நாய்தான் தொட்டது. "நாயைப் பத்தி நீங்க ஒண்ணும் சொல்லலையே அண்ணாச்சி" என்று மாசிலாமணி கேட்டதிலிருந்து வேதமாணிக்கம் இவர்களைப் பந்தி வேலைக்கே சேர்ப்பதில்லை.

இந்த வருஷம் புது ஐயர் வந்திருந்தார். எங்கள் பக்கத்தில் சபைப் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். இளவயசு, நல்ல மனுஷர், தியானத்தில் ரொம்பப் பிடிப்பு. அசனத்தன்று காலையில் வேதமாணிக்கம் அவரிடம் வந்து, "ஐயா, பந்தி முடியுற வரைக்கும் இந்த நாலு பேரையும் எங்கயாவது ஒதுக்கி வைங்க, புண்ணியமாப் போவும்" என்று கெஞ்சிவிட்டு விறகு பார்க்கப் போனார்.

ஐயர் நாலு பேரையும் அழைத்தார்.

"இன்றைக்கு நீங்கள் தியானம் செய்யப் போகிறீர்கள். கோயிலுக்குப் பின்னால் ஒரு அறை இருக்கிறதே, அங்கே போங்கள். கதவைப் பூட்டிக்கொண்டு தனிமையில் உட்காருங்கள். ஒரே ஒரு நல்ல வார்த்தையை எடுத்து, மாடு அசைபோடுகிற மாதிரி மெதுவாக மனதில் அசைபோடுங்கள். நடுவில் எண்ணங்கள் வரும். ஆள் மாதிரியே வந்து கூப்பிடும். வந்தால் வரட்டும், போனால் போகட்டும். எழுந்து மட்டும் போய்விடாதீர்கள். பந்திக்கு மணி அடித்ததும் வெளியே வரலாம்."

"இதைச் செஞ்சா குழம்பு வாளி எனக்குத் தருவியளா ஐயா?" என்று குருபாதம் கேட்டான்.

ஐயருக்கு மனசு இளகிவிட்டது. "நான் சொன்னபடியே செய்து முடித்தால் வாளி உனக்குத்தான்" என்றார்.

ஐயர் ஊருக்குப் புதுசு. கோயிலுக்குப் பின்னால் இருக்கிற அந்த அறையில்தான் குழம்பு வாளி, அகப்பை, உப்பு மூட்டை எல்லாம் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. இந்த நாலு பேருக்கும் தெரியும். ஆனால் அவர்களிடம் யாரும் கேட்கவில்லையே!

முதலில் மாட்டைப் பார்க்கப் போனார்கள். மணியடிக்கிற கோயில்குட்டியாரின் பசு வேப்பமரத்தடியில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. நாலு பேரும் அதன் முன்னால் குந்தினார்கள்.

"கண்ணைப் பாதி மூடியிருக்கு. பாத்துக்கிடுங்க" என்றான் யோபு.

"வாலை ஆட்டுதே, அதுவும் தியானத்துல சேர்த்தியா?" என்றான் மாசிலாமணி.

ரொம்ப நேரம் வாதம் நடந்தது. கடைசியில், வால் இல்லாத குறைக்குத் தங்கையா தன் துண்டைப் பின்னால் சொருகிக்கொண்டு, மற்ற மூன்று பேருக்கும் சேர்த்து அவனே ஆட்டுவது என்று முடிவானது.

அறைக்குள் போனார்கள். கதவை இழுத்துச் சாத்தினார்கள். பூட்டலாம் என்று பார்த்தால் தாழ்ப்பாள் இல்லை. போன மழைக்கே துருப்பிடித்து விழுந்துவிட்டது.

"பூட்டுனதா நெனச்சுக்கிடுவோம்" என்றான் யோபு.

"சரி. தனியா வேற இருக்கணுமாமே? நாலு பேரு இருக்கோமே" என்றான் குருபாதம்.

"மத்த மூணு பேரும் இல்லைன்னு நெனச்சுக்கிடணும்" என்றான் யோபு.

"ஏலே, அப்ப நான் இல்லைன்னு நீங்க மூணு பேரும் நெனச்சுட்டா, தியானம் பண்ணுறது யாரு?" என்று மாசிலாமணி பதறினான். ஒருவரும் பதில் சொல்லவில்லை. எல்லோரும் அவன் இல்லை என்று ஏற்கெனவே நினைக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அடுத்து வார்த்தை. சின்னதாக இருக்கட்டும் என்று தங்கையா 'ஆமென்' என்றான். "அதைச் சொன்னா ஜெபம் முடிஞ்சிருமேடே, ஆரம்பிக்குமுன்னே வீட்டுக்குப் போவவா?" என்று யோபு அதட்டினான். பிறகு 'சமாதானம்' என்று தேர்ந்தெடுத்து, முழுசாக ஒருவனால் மெல்ல முடியாது என்பதால் ஆளுக்கு ஒரு எழுத்தாகப் பிரித்துக்கொண்டார்கள். கடைசி எழுத்து ஒன்று மிஞ்சியது. அது யாருக்கு என்று சண்டை வந்து, மாசிலாமணியின் சட்டைப் பை கிழிந்தது. இல்லாத ஆளுக்கு எப்படிச் சட்டை கிழியும் என்று யோபு கேட்டதும் சண்டை நின்றது. அவரவர் எழுத்தை வாயில் போட்டுக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, அசைபோட ஆரம்பித்தார்கள். தங்கையா வாலை ஆட்டினான்.

வெளியே சோறு வெந்தது. கறி வெந்தது. விறகோடு திரும்பி வந்த வேதமாணிக்கம் குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "உப்பு எங்கவே?" என்றார். உப்பு இருக்கிற அறையைப் பூட்டிக்கொண்டு நாலு பேரையும் உட்காரச் சொல்லியிருப்பதாக ஐயர் சொன்னதும் தலையில் கை வைத்தார். நேரே வந்து கதவைத் தட்டினார்.

"ஏலே, கதவைத் திறங்க! உப்பு எடுக்கணும், வாளி எடுக்கணும்!"

உள்ளே தங்கையா மெதுவாகச் சொன்னான்: "எனக்கு ஒரு எண்ணம் வந்திருக்கு."

"என்ன எண்ணம்?"

"வேதமாணிக்கம் அண்ணாச்சி வந்து உப்பு கேக்குற மாதிரி."

"அட, எனக்கும் அதே எண்ணம்தான்!" என்றான் மாசிலாமணி.

குருபாதத்துக்குப் புல்லரித்துவிட்டது. "நாலு பேருக்கும் ஒரே எண்ணமாடே? தியானம் ஆரம்பிச்சதுமே ஒருமனப்பட்டுட்டோமே!"

வேதமாணிக்கம் தோளால் கதவை முட்டினார். கதவு அசையவில்லை. அது வெளியே இழுத்துத் திறக்கிற கதவு. காலங்காலமாக அவரே இழுத்துத்தான் திறந்திருக்கிறார். ஆனால் பூட்டிக்கொள்ளச் சொன்னதாக ஐயரே சொல்லிவிட்டதால், இழுத்துப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. ஒரு ஆள் முட்டினார், பிறகு இரண்டு பேர், பிறகு சபையில் பாதிப் பேர் வந்து முட்டினார்கள். எங்கள் ஊரில் முட்டாள் என்று நாலு பேரைத்தான் சொல்வோம். மற்றவர்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஐயர் ஓடி வந்தார். "குருபாதம்! தியானம் போதும், கதவைத் திற!"

"இப்ப வந்திருக்கிற எண்ணம் ஐயர் குரல்ல பேசுது" என்றான் யோபு. "ஆள் மாதிரியே வந்து கூப்பிடும்னு அவரு அப்பவே சொன்னாருல்லா?"

"நான்தான் ஐயர் பேசுகிறேன்!"

"பாத்தியளா தந்திரத்தை! ஐயரு என்னைக்காவது, நான்தான் ஐயர்னு சொல்லியிருக்காரா?"

ஐயர் வேதமாணிக்கத்தைப் பார்த்தார். கோபப்பட வேண்டிய நேரத்தில் அவருக்குக் கண் கலங்கியது. "அண்ணாச்சி, நான் எத்தனையோ பிரசங்கம் செய்திருக்கிறேன். சொன்னதை அப்படியே செய்கிற ஆட்களை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்" என்றார்.

"அது சரி ஐயா, உப்பு?" என்றார் வேதமாணிக்கம்.

உடனே ஐயர் கோயில்குட்டியாரை ஓடவிட்டு மணியை அடிக்கச் சொன்னார். கணகணவென்று மணி அடித்தது. மணியைக் கேட்டதும், கதவில் தோள் வைத்திருந்த நாலைந்து ஆம்பிளைகள் போக, ஊர் ஜனம் எல்லாம் இலை முன்னால் போய் உட்கார்ந்துவிட்டது. உள்ளே குருபாதம் மட்டும் உட்கார்ந்தது உட்கார்ந்தபடி இருந்தான்.

"மணி அடிக்குதே, எந்திரிக்கலாமா?" என்றான் தங்கையா.

"வேதமாணிக்கம் அண்ணாச்சி எண்ணம், ஐயரு எண்ணம், மணி மட்டும் நெசமாடே? எனக்கு இருக்கிற ஆசைக்கு மனசு மணியடிக்கத்தான் செய்யும். இப்ப எந்திரிச்சா வாளி போச்சு."

அந்த நேரம் பார்த்து சுவாமியடியான் வந்து சேர்ந்தார். சலவை வேட்டி, தோளில் நேரியல். விஷயம் என்ன என்று கேட்டார். கேட்டதும் அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கதவுக்குப் பக்கத்தில் வந்து, "என்ன மருமவனே! வாளி தூக்கத்தான் குடுத்து வைக்கல, வாளிக்குக் காவலாவது போட்டாங்களே! நல்லாருக்கு, கொள்ளாம்!" என்றார்.

இலை முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

உள்ளே குருபாதத்தின் முகம் வெளிறிப்போனது. "யோபு, எனக்கு வரக்கூடாத எண்ணம் வந்துட்டுடே. என் மாமனாரு."

"வந்தா வரட்டும். போனா போகட்டும்."

"போவ மாட்டாரு. மூணு பந்தி முடியாமப் போவ மாட்டாரு. ஒரு சந்தேகம். எண்ணத்தைத் திட்டலாமா?"

யோபு வாயில் இருந்த எழுத்தை ஒரு ஓரமாக ஒதுக்கிக்கொண்டு யோசித்தான். "எந்திரிக்கக் கூடாதுன்னாரு. திட்டக் கூடாதுன்னு சொல்லலையே. உக்காந்துக்கிட்டே திட்டு."

குருபாதம் உட்கார்ந்துகொண்டே திட்டினான்.

"வே மாமா! நேருல நின்னா எனக்கு வாய் வராது. நீரு எண்ணம்கிறதால சொல்லுதேன். வருஷா வருஷம் பஸ் ஏறி வந்து, எங்க ஊருச் சோத்தைத் தின்னுட்டு, எங்க ஊருக்காரங்க முன்னாலயே என்னைப் பாத்துச் சிரிக்கியரே, நல்லாருக்காவே? நான் முட்டாள்தான். முட்டாளுக்கு ரோஷம் இருக்காதா? நீரு சிரிக்கும்போது உம்ம மவ தலையைக் குனியுதாளே, அதை ஒரு நாளாவது பாத்தீரா? எனக்கு என்ன பேசினாலும் தாங்கிக்கிடுவேன்வே, அவ குனியுததுதான் தாங்கல. எண்ணமே, எந்திரிச்சுப் போம்!"

சுவாமியடியான் திறந்த வாயை மூடவில்லை. பரிபூரணம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கதவில் தோளை வைத்திருந்த ஆம்பிளைகளைப் பார்த்து, "தள்ளுங்க கொஞ்சம்" என்றாள். கதவைப் பிடித்து இழுத்தாள். திறந்துவிட்டது.

"அத்தான், மணி அடிச்சாச்சு. வாங்க" என்றாள்.

அவள் தலை குனியாமல் நின்றாள். அதைப் பார்த்தபிறகு குருபாதத்துக்கு அது எண்ணமா, நிஜமா என்ற சந்தேகம் வரவில்லை. ஐயர் சொன்ன வார்த்தை தவறவில்லை. குழம்புக்கு உப்புப் போட்டுக் கலக்கியதும் வாளியை எடுத்து அவன் கையிலேயே கொடுத்தார். "இதே அமைதியோடு பரிமாறு" என்று முதுகில் தட்டினார்.

அப்படி ஒரு பரிமாறலை எங்கள் ஊர் பார்த்ததில்லை. ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. எலும்பும் கறியுமாகக் கணக்காக விழுந்தது. வேதமாணிக்கமே, "இவ்வளவு நாளு இவனையா ஒதுக்கி வச்சோம்?" என்று வாய்விட்டுச் சொன்னார். பரிபூரணம் இலையைப் பார்க்காமல் புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வரிசையில் சுவாமியடியான் வந்தார். குருபாதம் அவரைப் பார்த்து நின்றான். "இன்னும் போவலையே" என்று முணுமுணுத்தான். பிறகு ஐயர் சொன்னதை நினைத்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, அவரைத் தாண்டி அடுத்த இலைக்குப் போய்விட்டான்.

"மருமவனே, இங்க ஊத்தும்!"

குருபாதம் திரும்பவில்லை. சோற்று வாளியோடு வந்த மாசிலாமணியும் தாண்டிப் போனான். அப்பளம் கொண்டுவந்த தங்கையாவும் தாண்டினான். அவன் வால் மட்டும் மாமனார் இலையில் லேசாகப் பட்டுவிட்டுப் போனது.

காலி இலை முன்னால் உட்கார்ந்திருந்த சுவாமியடியானுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பயம் வந்தது. தண்ணீர்ச் செம்போடு வந்த யோபுவின் வேட்டியைப் பிடித்து, "தம்பி, உண்மையைச் சொல்லும். நான் நெசமாவே வந்திருக்கேனா?" என்றார்.

யோபு அவரை மேலும் கீழும் பார்த்தான். "எனக்கு எப்படித் தெரியும் மாமா? ஒண்ணு செய்யும். உம்ம வீட்டுக்குப் போய்ப் பாரும். நீரு அங்க இருந்தா, இங்க வந்தது எண்ணம். அங்க இல்லைன்னா, வந்தது நீருதான்."

அது நியாயமாகப் பட்டது. சுவாமியடியான் நேரியலை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

பந்தி எல்லாம் முடிந்து, வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தபிறகு, வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"மருமவனே! வீடு பூட்டிக் கிடக்கு. கதவைத் தட்டித் தட்டிப் பாத்தேன், நான் உள்ளே இல்லவே இல்ல! இங்கதான் இருக்கேன்! குழம்பை ஊத்தும்!"

குருபாதம் கழுவிய வாளியைப் பார்த்தான். மாமனாரைப் பார்த்தான். பிறகு மெதுவாக யோபுவின் காதில் சொன்னான்:

"வந்தா வரட்டும், போனா போகட்டும்னாரு. போயிட்டுத் திரும்பி வந்தா என்ன செய்யணும்னு ஐயருகிட்ட கேக்காம விட்டுட்டோமேடே."